நாற்காலியில் யார், அனுப்பியது யார்? பன்னாட்டு அமைப்புகளின் தலைமையில் இனப் பிரதிநிதித்துவம்: ஓர் எளிய விளக்கம்

கிருஷ்ணகிரியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் சிலரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பு நிகழ்வுகள் குறித்துப் பேசுவது என் வழக்கம். 2023 ஜூனில் உலக வங்கியின் தலைவராக அஜய் பங்கா பொறுப்பேற்ற செய்தியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்த மாணவி ஒருவர், "புனேயில் பிறந்தவர்தானே சார், அப்படியானால் உலக வங்கி இப்போது நம்மவர் கையில் இருக்கிறது என்று சொல்லலாமா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர், "அவரை நிறுத்தியது அமெரிக்கா அல்லவா?" என்றார். இருவர் சொன்னதும் சரியான தகவல்தான். ஆனால் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் பிறப்பைச் சொன்னார், மற்றவர் அவரை அங்கே அமர்த்தியவரைச் சொன்னார். பன்னாட்டு அமைப்புகளின் தலைமையில் இனப் பிரதிநிதித்துவம் என்னும் பேச்சில் எழும் குழப்பங்களில் பெரும்பாலானவை இவ்விரண்டையும் ஒன்றென எண்ணுவதால் வருபவை என்பதால், அன்று அவர்களுக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஐக்கிய நாடுகள் சபை, உலக வங்கி, பன்னாட்டு நிதியம் (ஐ.எம்.எஃப்.), உலக சுகாதார நிறுவனம், உலக வர்த்தக அமைப்பு, பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் முதலியவற்றைப் பன்னாட்டு அமைப்புகள் என்கிறோம். இவற்றில் நாடுகளே உறுப்பினர்கள், தனிமனிதர்கள் அல்லர். தருமபுரியில் வாழும் ஒருவர் தம் ஊராட்சித் தலைவரையும் சட்டமன்ற உறுப்பினரையும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார், பிடிக்கவில்லை என்றால் அடுத்த தேர்தலில் தோற்கடிக்கிறார். பன்னாட்டு நிதியத்தின் தலைவரை அவரால் தேர்ந்தெடுக்கவும் முடியாது, தோற்கடிக்கவும் முடியாது. ஆனால் அந்த நிதியம் ஒரு நாட்டுக்குக் கடன் கொடுக்கும்போது விதிக்கும் நிபந்தனை, அந்நாட்டின் கடைக்கோடிக் குடும்பத்தின் அடுப்பு வரை வந்து சேரும். வாக்குரிமை இல்லாத மக்கள் ஓர் அமைப்பை எதை வைத்து நம்புவார்கள் என்பதே இந்தப் பொருளின் அடித்தளமான கேள்வி.

அடுத்து, 'இனம்' என்ற சொல். தமிழில் இதைப் பல பொருள்களில் ஆள்கிறோம். தமிழினம் என்கிறோம், மாட்டினம் என்கிறோம். அரசுப் பணி நியமனத்தில் 'இனச் சுழற்சி' என்னும்போது இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளைக் குறிக்கிறோம். இந்தக் கட்டுரையில் இனம் என்பது, ஐரோப்பியர் பிற கண்டங்களை ஆண்ட காலத்தில் தோலின் நிறத்தையும் பூர்வீகத்தையும் கொண்டு மனிதரை மேலும் கீழுமாக அடுக்கி வைத்த பகுப்பு. அதற்கு உயிரியல் அடிப்படை இல்லை. இனம் என்பது உயிரியல் உண்மை என்பதைவிடச் சமூகம் கட்டிய கற்பிதம் என்று 1950-இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையே கூறியது. ஆனால் அந்தக் கற்பிதத்தின் பெயரால் நிலம் பறிக்கப்பட்டது, மனிதர்கள் விற்கப்பட்டார்கள், பதவிகள் மறுக்கப்பட்டன. ஆகவே அதன் விளைவுகள் கற்பிதமல்ல.

பன்னாட்டு அமைப்புகள் தோன்றிய கதையிலேயே இந்த அடுக்கு இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் 1919-இல் பாரிசில், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்துக்கான உடன்படிக்கையை எழுதியபோது, இனங்களுக்கிடையே சமத்துவம் என்ற கொள்கையை அதில் சேர்க்க வேண்டும் என்று ஜப்பான் கோரியது. உடன்படிக்கையைத் தயாரித்த குழுவில் அன்று இருந்த 17 பேரில் 11 பேர் ஆதரவாக வாக்களித்தனர். தலைமை வகித்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன், இத்தகைய விஷயத்துக்கு ஒருமித்த ஒப்புதல் தேவை என்று கூறி, பெரும்பான்மை பெற்ற அந்தக் கோரிக்கையைத் தள்ளிவிட்டார். முகங்கள் பலவாக இருந்த ஓர் அவையில் விதியை யார் வாசிக்கிறார் என்பதே முடிவைத் தீர்மானித்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

1945-இல் ஐக்கிய நாடுகள் சபை பிறந்தபோது அதன் தொடக்க உறுப்பினர்கள் 51 நாடுகள். ஆப்பிரிக்காவிலிருந்து எகிப்து, எத்தியோப்பியா, லைபீரியா, தென்னாப்பிரிக்கா ஆகிய 4 மட்டுமே; அந்த நான்கில் தென்னாப்பிரிக்காவுக்காகப் பேசியவர்கள் அந்நாட்டின் வெள்ளைச் சிறுபான்மையினர். அன்று உலகில் சுமார் 75 கோடி மக்கள் பிறர் ஆட்சியின் கீழ் வாழ்ந்தார்கள். இன்று உறுப்பு நாடுகள் 193. அவற்றில் 54 ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. ஆனால் பாதுகாப்பு சபையின் நிரந்தர இடங்கள் அன்று போலவே இன்றும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, சீனா ஆகிய ஐந்திடமே இருக்கின்றன. உறுப்பினர் பட்டியல் நான்கு மடங்குக்கு அருகில் வளர்ந்துவிட்டது, நிரந்தர நாற்காலிகளின் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடவில்லை.

அந்த 1945-ஆம் ஆண்டிலேயே நமக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஆற்காடு ராமசாமி முதலியார். திறமையில் குறை சொல்ல முடியாதவர், ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்துக்கு 1946-இல் முதல் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் அவரை அனுப்பியது இந்திய மக்கள் அல்லர், பிரிட்டிஷ் அரசு. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தவர் அவர். அதே நாட்களில் சான்பிரான்சிஸ்கோவுக்குத் தனியாகச் சென்ற விஜயலட்சுமி பண்டிட், அந்தத் தூதுக்குழுவுக்கு இந்திய மக்களின் பெயரால் பேசும் உரிமை இல்லை என்று வெளிப்படையாக எதிர்த்தார். இருதரப்பாரும் இந்தியர்களே. முகத்தை வைத்துப் பார்த்தால் இந்தியாவுக்குப் பிரதிநிதித்துவம் கிடைத்துவிட்டது. அனுப்பியவரை வைத்துப் பார்த்தால் கிடைக்கவில்லை.

பிரதிநிதித்துவம் என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று பொருள்கள் இருப்பதை இது காட்டுகிறது. அரசியல் அறிஞர்கள், குறிப்பாக 1960-களில் எழுதிய ஹன்னா பிட்கின், இவற்றைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒருவர் தோற்றத்திலும் பிறப்பிலும் வாழ்க்கைப் பின்னணியிலும் நம்மைப் போல இருப்பது ஒன்று. அதைத் தோற்றப் பிரதிநிதித்துவம் எனலாம். நம்மால் அனுப்பப்பட்டு நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பது இன்னொன்று. நம் நலனுக்காக உண்மையில் செயல்படுவது மூன்றாவது. இவை மூன்றும் ஒருவரிடமே சேர்ந்து வரலாம், தனித்தனியாகவும் வரலாம். பத்திரிகைகள் பெரும்பாலும் முதலாவதை மட்டும் எண்ணிச் சொல்கின்றன, ஏனெனில் அதைப் புகைப்படத்தில் காட்ட முடியும்.

ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, 1948 ஜூனில் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியரும் அவரே, கடைசி கவர்னர் ஜெனரலும் அவரே. முதலியாரையும் ராஜாஜியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பாடம் எளிதாகும். இருவரும் சென்னை மாகாணத்தவர், இருவரும் படித்த வழக்கறிஞர்கள். 1945-இல் ஒருவரை அனுப்பியது லண்டனுக்குக் கட்டுப்பட்ட அரசு. 1948-இல் மற்றவரை அமர்த்தியது விடுதலை பெற்ற இந்தியாவின் அமைச்சரவை. தோலின் நிறத்தில் எந்த வேறுபாடும் இல்லாதபோது, மக்கள் வைத்த நம்பிக்கையில் இருந்த வேறுபாட்டுக்குக் காரணம் அனுப்பியவரே.

இனி நம்பிக்கைக்கு வருவோம். தலைமையில் இருப்பவரின் இனம் சாமானிய மக்களின் நம்பிக்கையோடு ஏன் தொடர்புபட வேண்டும்? இதற்கு நம் மண்ணோடு தொடர்புடைய பழைய சாட்சி ஒருவர் இருக்கிறார். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து, பாராமகால் எனப்பட்ட நம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடின் கீழ் இங்கே வரி நிர்ணயம் செய்ய வந்தவர் தாமஸ் மன்றோ. தருமபுரியில் தங்கிப் பணியாற்றியவர். பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராக இருந்தபோது, 1824-இன் இறுதியில் அவர் எழுதிய குறிப்பு ஒன்றில், இந்தியர்களை உயர் பதவிகளிலிருந்து விலக்கி வைப்பது அவர்களைத் தாழ்த்திவிடும், உயர்வதற்கு வழியே இல்லை என்று அறிந்த மக்களிடம் நற்பண்பையும் ஊக்கத்தையும் எதிர்பார்க்க முடியாது என்று வாதிட்டார். மன்றோ பிரிட்டிஷ் ஆட்சியின் ஊழியர்தான், அந்த ஆட்சி நிலைக்க வேண்டும் என்று விரும்பியவர்தான். ஆனால் ஆள்பவர்கள் மக்களை நம்பாத இடத்தில் மக்களும் ஆட்சியை நம்பமாட்டார்கள் என்ற உண்மையை, ரயத்துகள் எனப்பட்ட உழவர்களோடு ஊர் ஊராக அலைந்த அந்த அதிகாரி கண்டுகொண்டார். பிரதிநிதித்துவம் குறித்த இன்றைய ஆய்வுகள் பலவற்றின் அடிநாதமும் இதுதான்: மேலே இருப்பவர்களில் நம்மவர் எவரும் இல்லை என்றால், 'உங்களை நாங்கள் நம்பவில்லை' என்று அந்த அமைப்பே சொல்வதாக மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு காரணம் அறிவு சார்ந்தது. தளி, அஞ்செட்டிப் பக்கம் கன்னடமோ தெலுங்கோ மட்டுமே பேசும் மூதாட்டி ஒருவர் முதியோர் ஓய்வூதியம் கேட்டு அலுவலகத்துக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பேச்சை அறிந்த எழுத்தர் ஒருவர் அங்கே இருந்தால், மனுவில் எழுதப்படாத பாதி விவரம் அந்த உரையாடலில் வெளிவந்துவிடும். அந்த எழுத்தர் மற்றவர்களைவிட நல்லவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை; எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறது, அவ்வளவே. இது மொழி சார்ந்த எடுத்துக்காட்டு, இனம் சார்ந்ததல்ல என்றாலும் வழிமுறை ஒன்றே. குடியேற்ற ஆட்சியின் கீழ் வாழ்ந்த நாடுகளிலிருந்து வந்தவர்கள், கடன் நிபந்தனை ஒன்றைப் படிக்கும்போது அதில் மற்றவர்கள் காணாத ஆபத்தைக் காணக்கூடும்.

இப்போது அமைப்புகளுக்குள் செல்வோம். ஐ.நா. பொதுச் செயலாளர்களாக இதுவரை ஒன்பது பேர் இருந்திருக்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து நால்வர், ஆசியாவிலிருந்து ஊ தாண்ட், பான் கி மூன் ஆகிய இருவர், ஆப்பிரிக்காவிலிருந்து பூட்ரோஸ் பூட்ரோஸ் காலி, கோஃபி அன்னான் ஆகிய இருவர், லத்தீன் அமெரிக்காவிலிருந்து ஒருவர். பெண் ஒருவர்கூட இல்லை. இன வகையில் மட்டும் பார்த்தால் இது அவ்வளவு மோசமான பட்டியல் அல்ல. ஆனால் பொதுச் செயலாளருக்கு அடுத்த நிலைப் பதவிகளைப் பார்க்க வேண்டும். அமைதிப் படைப் பிரிவின் தலைமை 1997 முதல் பிரான்ஸ் நாட்டவரிடமே இருந்து வருகிறது. மனிதநேய உதவிப் பிரிவு 2007 முதல் பிரிட்டனிடம், பொருளாதார, சமூக விவகாரத் துறை அதே ஆண்டு முதல் சீனாவிடம் இருக்கின்றன. அமைதிப் படைக்கு வீரர்களை மிகுதியாக அனுப்பும் நாடுகளோ நேபாளம், ருவாண்டா, வங்கதேசம், இந்தியா போன்றவை. இந்தியா மட்டுமே இதுவரை இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பியிருக்கிறது. வெயிலில் நிற்பவர்கள் ஒரு நிறத்தவர், வரைபடத்தின் முன் அமர்ந்து உத்தரவிடும் இடம் பெரும்பாலும் வேறு கையில் என்ற நிலை கண்ணில் படும்போது, நம்பிக்கை குறைகிறது என்பதில் வியப்பில்லை.

உலக வங்கியிலும் பன்னாட்டு நிதியத்திலும் நிலை இன்னும் வெளிப்படையானது. 1946 முதல் உலக வங்கியின் நிரந்தரத் தலைவர்களாக இருந்த அனைவரும் அமெரிக்கக் குடிமக்கள். நிதியத்தின் மேலாண்மை இயக்குநர்கள் அனைவரும் ஐரோப்பியர்கள். எந்தச் சட்டமும் இப்படிச் சொல்லவில்லை, இரு தரப்புக்கும் இடையே எழுதப்படாத உடன்பாடாகத் தொடர்கிறது. 2012-இல் நைஜீரியாவின் நிதியமைச்சராக இருந்த, உலக வங்கியிலேயே நீண்டகாலம் பணியாற்றிய எங்கோசி ஒகோன்ஜோ இவேலா தலைமைப் பதவிக்குப் போட்டியிட்டார். அமெரிக்கா முன்மொழிந்த, கொரியாவில் பிறந்த மருத்துவர் ஜிம் யோங் கிம் தேர்வானார். பிறப்பைக் கொண்டு பார்த்தால் ஆசியர் ஒருவர் தலைவரானார். வழிமுறையைக் கொண்டு பார்த்தால் பழைய வழக்கம் அப்படியே நின்றது. அஜய் பங்காவின் நியமனமும் இதே வகை. மாணவியின் கேள்விக்கான விடை இங்கே கிடைக்கிறது: அவர் பிறந்த ஊர் இந்தியாவில் இருக்கிறது, அவரை முன்மொழிந்த கை வாஷிங்டனில் இருக்கிறது.

வாக்கு முறையும் இதற்குள் வருகிறது. நிதியத்தில் ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு என்ற முறை இல்லை, அந்த நாட்டின் பங்குத்தொகையைச் சார்ந்தே வாக்குவலிமை அமையும். அமெரிக்காவிடம் சுமார் 16.5 விழுக்காடு, இந்தியாவிடம் சுமார் 2.6 விழுக்காடு இருக்கின்றன. முக்கியமான மாற்றங்களுக்கு 85 விழுக்காடு ஆதரவு தேவை என்பதால், அமெரிக்கா ஒப்பாமல் அவை நிறைவேறா. 2024 நவம்பரில் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளுக்கு நிதியத்தின் நிர்வாகக் குழுவில் மூன்றாவது இடம் ஒன்று சேர்க்கப்பட்டது. அதுவரை நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இரண்டே இடங்களைப் பகிர்ந்துகொண்டிருந்தன. இது நல்ல மாற்றம். ஆனால் இடம் ஒன்று கூடியதால் வாக்குவலிமை கூடிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் வேறு பாதையில் சென்றது. 2017-இல் முதன்முறையாக, ஒன்றுக்கு மேற்பட்ட வேட்பாளர்களிடையே உறுப்பு நாடுகள் அனைத்தும் இரகசிய வாக்களித்துத் தலைமை இயக்குநரைத் தேர்ந்தெடுத்தன; எத்தியோப்பியாவின் டெட்ரோஸ் அதனோம் கெப்ரியேசஸ் வென்று, அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆப்பிரிக்கர் ஆனார். எங்கோசி ஒகோன்ஜோ இவேலாவும் 2021-இல் உலக வர்த்தக அமைப்பின் தலைமைக்கு வந்த முதல் பெண்ணும் முதல் ஆப்பிரிக்கரும் ஆனார். ஆனால் அங்கே ஒருமித்த கருத்து தேவை என்ற விதி இருந்ததால், அமெரிக்கா ஒன்று மட்டும் எதிர்த்த காரணத்தால் அவரது நியமனம் மாதக்கணக்கில் தள்ளிப்போனது.

இதுவரை படித்தவர்கள், தலைமையில் கறுப்பினத்தவரும் ஆசியரும் வந்துவிட்டால் நம்பிக்கை தானாக வளரும் என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கு எதிரான சாட்சியங்கள் கனமானவை. 1994-இல் ருவாண்டாவில் சுமார் 100 நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டபோது, ஐ.நா.வின் பொதுச் செயலாளர் ஆப்பிரிக்கரான பூட்ரோஸ் காலி; அமைதிப் படைப் பிரிவின் தலைவர் ஆப்பிரிக்கரான கோஃபி அன்னான்; பாதுகாப்பு சபையின் தற்காலிக உறுப்பினர்களில் ருவாண்டாவும் ஒன்று, அந்த இடத்தில் அமர்ந்திருந்தது கொலைகளை நடத்திய அரசின் தூதர். அந்த நிலையிலும் பாதுகாப்பு சபை, அங்கிருந்த சுமார் 2,500 பேர் கொண்ட படையை ஏப்ரல் மாதத்தில் 270 பேராகக் குறைக்க முடிவு செய்தது. காலியும் அன்னானும் தம் பங்கில் தவறவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பின்னர் நடந்த விசாரணை ஐ.நா. தலைமையகத்தின் குறைகளையும் எடுத்துக்காட்டியது. ஆனால் படையையும் பணத்தையும் தரவல்ல நாடுகளுக்கு மனமில்லாதபோது, உச்சியில் இருந்த இரண்டு ஆப்பிரிக்க முகங்கள் ஆப்பிரிக்கர்களைக் காப்பாற்றப் போதவில்லை. இந்தப் பொருளைப் படிப்பவர்கள் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்று கருதுகிறேன்.

காங்கோ மக்களாட்சிக் குடியரசில் 2018 முதல் 2020 வரை நீடித்த எபோலா நோய்ப்பரவல் இன்னொரு பாடம். அப்போது உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் ஆப்பிரிக்கர். களத்தில் இருந்த மருத்துவர்களில் பலர் ஆப்பிரிக்கர்கள். ஆனாலும் சிகிச்சை மையங்கள் தாக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் புட்டெம்போ நகரில், கேமரூன் நாட்டைச் சேர்ந்த மருத்துவர் ரிச்சர்ட் முசோகோ மருத்துவமனைக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மக்கள் ஏன் நம்பவில்லை? ஆண்டுக்கணக்கில் ஆயுதக் குழுக்களிடம் உயிரிழந்தபோது வராத உலகம், எபோலா வந்ததும் பணத்தோடு வந்து இறங்கியது. அதோடு, நோயைக் காரணம் காட்டி 2018 டிசம்பரில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் பெனி, புட்டெம்போ பகுதி மக்களுக்கு வாக்களிக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டது. நோயே அரசியல் சூழ்ச்சி என்று அவர்கள் எண்ணியதற்கு இவை காரணங்கள். பின்னர் அந்தப் பணியில் ஈடுபடுத்தப்பட்டோரில் சிலர் உள்ளூர்ப் பெண்களைப் பாலியல் சுரண்டலுக்கு உட்படுத்தியதும் வெளிவந்தது. நம்பிக்கை என்பது அமைப்பின் நடத்தையைப் பார்த்து மக்கள் எழுதும் கணக்கு. தலைவரின் நிறம் அந்தக் கணக்கில் ஒரு வரி மட்டுமே.

பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் கதை இன்னும் சிக்கலானது. 2002-இல் தொடங்கிய அந்த நீதிமன்றம், 2016-இல் ஜார்ஜியா குறித்த விசாரணையைத் தொடங்கும் வரை நடத்திய முழு விசாரணைகள் அனைத்தும் ஆப்பிரிக்க நாடுகள் பற்றியவை. 2016-இல் காம்பியாவின் தகவல் துறை அமைச்சர் அதை வெள்ளையரின் நீதிமன்றம் என்னும் பொருள்படச் சாடி, தம் நாடு விலகும் என்றார். அப்போது அந்த நீதிமன்றத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஃபத்தூ பென்சூடா காம்பியாவைச் சேர்ந்த கறுப்பினப் பெண்மணி! ஆட்சி மாறியதும் காம்பியா அந்த முடிவைக் கைவிட்டது. புருண்டி 2017-இல் விலகியே விட்டது. உகாண்டா, காங்கோ போன்ற நாடுகளின் அரசுகள் தாமே முன்வந்து வழக்குகளை ஒப்படைத்தன என்பதும் உண்மை, வலிய நாடுகளின் தலைவர்களை அந்த நீதிமன்றம் நெருங்கத் தயங்கியது என்ற மனக்குறையும் பொய்யல்ல. குற்றம் சாட்டப்பட்ட ஆட்சியாளர்களுக்கு இன அநீதி என்ற வாதம் நல்ல கேடயமாகவும் பயன்படுகிறது. ஆகவே இத்தகைய குற்றச்சாட்டைக் கேட்கும்போது, பாதிக்கப்பட்ட மக்கள் சொல்கிறார்களா, அவர்களைப் பாதித்தவர்கள் சொல்கிறார்களா என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது.

தலைவரின் பிறப்பு நம்பிக்கையைக் கூட்டும் என்றால், வேறு சிலரிடம் அதைக் குறைக்கவும் செய்யும். இதற்கு நவநீதம் பிள்ளையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், தமிழ்ப் பூர்வீகம் கொண்ட பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகளாகப் பிறந்து, இன ஒதுக்கல் ஆட்சியில் வழக்கறிஞராகப் போராடி, ருவாண்டாவுக்கான பன்னாட்டுத் தீர்ப்பாயத்தின் தலைவராகவும் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் நீதிபதியாகவும் இருந்து, 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராகப் பணியாற்றியவர். ருவாண்டாத் தீர்ப்பாயத்தில் 1998-இல் வழங்கப்பட்ட அக்காயேசு தீர்ப்பு, பாலியல் வன்முறையும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று முதன்முதலில் அறிவித்தது. அந்த அமர்வில் அவரும் ஒருவர். தம் சமூகத்தின் துன்பத்தை அறிந்த ஒருவர் சட்டத்தின் பார்வையையே விரிவாக்க முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் 2013 ஆகஸ்டில் அவர் இலங்கைக்குச் சென்றபோது, அவருடைய தமிழ்ப் பூர்வீகத்தையே காரணமாக்கி, விடுதலைப் புலிகளின் கருவி என்று அங்குள்ள அமைச்சர்கள் சிலரும் ஊடகங்களும் நெடுநாளாகப் பேசிவந்ததை வெளிப்படையாகக் கண்டித்துவிட்டு, தாம் ஒரு தென்னாப்பிரிக்கர் என்பதில் பெருமை கொள்வதாக அவர் அறிவிக்க நேர்ந்தது. ஈழத்தில் உறவுகளை இழந்த தமிழர் பலருக்கு நம்பிக்கை தந்த அதே பெயர், எதிர்த்தரப்புக்கு ஐயத்தைத் தந்தது. ஐரோப்பியர் ஒருவர் அந்தப் பதவியில் இருந்திருந்தால் அவருடைய பிறப்பை யாரும் கேள்விக்கு உட்படுத்தியிருக்கமாட்டார்கள் என்பதுதான் என்னை வருத்துகிறது. வெள்ளையர் என்றால் நடுநிலையானவர், மற்றவர் என்றால் ஒரு தரப்பைச் சார்ந்தவர் என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது!

எப்படி இருந்தால் நம்பிக்கை வளரும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான் 1989-இல் தொடங்கியது. அதற்கு நிதி உதவியது, ரோமைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் என்ற ஐ.நா. அமைப்பு. அன்று அதன் தலைவர் அல்ஜீரியாவைச் சேர்ந்த இத்ரிஸ் ஜசாயிரி. அவரைவிட முக்கியமானது அதன் அமைப்பு முறை. வளர்ந்த நாடுகள், எண்ணெய் ஏற்றுமதி நாடுகள், வளரும் நாடுகள் என்று மூன்று பிரிவாக்கி, வாக்குகளை மூன்று சம பங்காகப் பிரித்துத் தொடங்கப்பட்ட அமைப்பு அது. கடன் பெறும் நாடுகளுக்கும் முடிவெடுப்பதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தது. பிற்காலத்தில் அந்தப் பகுப்பு மாற்றப்பட்டாலும், அமைக்கும்போதே இப்படி யோசித்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ முதல் குழுக்களில் சேர்ந்த பெண்களுக்கு ஜசாயிரியின் பெயர் தெரிந்திருக்காது, தெரிய வேண்டிய தேவையும் இருந்திருக்காது. அவர்கள் நம்பியது தம் குழுவின் ஊக்குநரையும் இரண்டு பிரதிநிதிகளையும். அவர்களைத் தேர்ந்தெடுப்பது உறுப்பினர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திட்ட பிறகே உள்கடன் கொடுக்கப்படும். சேமிப்புக் கணக்கைக் கூட்டத்தில் வாசிப்பார்கள். பொறுப்பில் இருப்பவர்களைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்பது நெறி. ஊக்குநர் தம்மைப் போன்ற ஒருவர் என்பதால் பெண்கள் முதல் கூட்டத்துக்கு வந்தார்கள். கணக்கு கண்முன் இருந்ததால் பத்தாவது கூட்டத்துக்கும் வந்தார்கள். எங்கே ஒருவரே பல்லாண்டுகள் ஊக்குநராக இருந்து புத்தகத்தைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டாரோ அங்கே குழு கலைந்தது, அவரும் அதே தெருப் பெண்தான் என்றாலும். நான் அருகிலிருந்து பார்த்த குழு ஒன்று அப்படித்தான் முடிந்தது.

பொதுவாக எழுப்பப்படும் எதிர்வாதம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பதவிக்குத் திறமைதானே அளவுகோல், இனத்தை ஏன் எண்ண வேண்டும் என்பார்கள். ஐ.நா. சாசனத்தின் 101-ஆவது பிரிவு, திறன், தகுதி, நேர்மை ஆகியவற்றுக்கு முதலிடம் தருகிறது. அதே பிரிவு, ஊழியர்களை இயன்றவரை பரந்த நிலப்பரப்பிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இரண்டும் முரண்பட்டவை என்று அதை எழுதியவர்கள் கருதவில்லை. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலக வங்கிக்குத் தகுதியான ஒருவர்கூட அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதாரில் இல்லை என்று நம்புவதற்குத்தான் அதிகத் துணிவு வேண்டும்.

இதைவிட வலுவான எதிர்வாதம் வேறு. பரந்த நிலப்பரப்பு என்னும்போது எண்ணப்படுவது நாட்டின் குடியுரிமையே தவிர இனம் அல்ல. கறுப்பினப் பிரிட்டிஷ்காரர் பிரிட்டன் கணக்கிலும், வெள்ளையினத் தென்னாப்பிரிக்கர் ஆப்பிரிக்கக் கணக்கிலும் சேர்வார்கள். 2020-இல் ஐ.நா. தலைமையகம் தன் ஊழியர்களிடம் இனப்பாகுபாடு குறித்துக் கருத்துக் கேட்க முனைந்தபோது, கேள்வித்தாளில் 'மஞ்சள்' என்ற பிரிவைச் சேர்த்திருந்ததால் எதிர்ப்பு எழுந்து, அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. எண்ணாமல் விட்டால் குறை தெரியாது, எண்ணத் தொடங்கினால் பழைய அவமதிப்பின் சொற்களே கைக்கு வருகின்றன. அதோடு, ஒரு நாட்டின் பெயரால் செல்பவர்கள் யார் என்பதும் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் உயர் பதவிக்குச் செல்வோரில் பலர், தம் நாட்டின் செல்வந்தக் குடும்பங்களில் பிறந்து மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள். இந்தியர் ஒருவர் ஜெனிவாவில் அமர்ந்தால் இந்தியாவுக்கு இடம் கிடைத்தது என்கிறோம். பழங்குடியினர் வாழும் சித்தேரி மலையிலிருந்து ஒருவர் அங்கே சென்றிருக்கிறாரா என்று கேட்பதில்லை. சாதி அந்தக் கணக்குகள் எதிலும் வருவதில்லை. இன அநீதியைப் பற்றி நாம் பிறரிடம் பேசும்போது இந்தக் கேள்வியும் நம்மை நோக்கி வரும், வரவும் வேண்டும்.

ஐ.நா. பொதுச் செயலாளர் அந்தோனியோ குட்டரெஸின் இரண்டாம் பதவிக்காலம் 2026 டிசம்பர் 31 அன்று முடிகிறது. சாசனத்தின் 97-ஆவது பிரிவின்படி, பாதுகாப்பு சபை பரிந்துரைப்பவரைப் பொதுச் சபை நியமிக்கும். நடைமுறையில், ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர் மறுத்தாலும் பரிந்துரை நின்றுபோகும். 1996-இல் பூட்ரோஸ் காலிக்கு இரண்டாம் முறை வாய்ப்பளிக்க 14 நாடுகள் ஆதரித்தும் அமெரிக்காவின் ஒரு மறுப்பால் அது நடக்கவில்லை. ஆனால் 2016 முதல் வேட்பாளர்கள் பொதுச் சபையின் முன் வெளிப்படையாகக் கேள்விகளுக்கு விடை சொல்லும் வழக்கம் வந்திருக்கிறது, அதை எவரும் இணையத்தில் பார்க்கலாம். அன்று கேள்வி கேட்ட மாணவி, வேட்பாளர்களின் பெயர், நாடு ஆகிய இரண்டு பத்திகளை மட்டும் தம் குறிப்பேட்டில் வரைந்திருந்தார். பேச்சு முடிந்த பின், 'முன்மொழிந்தவர்', 'மறுக்கக்கூடியவர்' என்று மேலும் இரண்டு பத்திகளை அவரே சேர்த்துக்கொண்டார்.